வலப்பக்கக் கதவு

வியட்நாம் போரில் எங்கள் ஹெலிகாப்டரின் இடக்கதவுத் துப்பாக்கி எனக்கு, வலக்கதவு டெல்மருக்கு. நடுவில் தபால் மூட்டைகள் மறைக்கும். காதுக்கருவியில் பேச்சு மட்டும்தான்.

அன்று மலைமுகாமில், "வலப்பக்கம் சரி, கிளம்பலாம்" என்று டெல்மர் குரல் கேட்டதும் கிளம்பினோம். வழியில், "மரத்துலேர்ந்து சுடுறான், திருப்புங்க சார்!" என்று கத்தினான். வலத் துப்பாக்கி படபடத்தது. பைலட் ராங்கின் திருப்பினார், பிழைத்தோம்.

தளத்தில் இறங்கிப் பார்த்தால் வல இருக்கை காலி. துப்பாக்கிக் குழல் கொதித்தது. அப்போது மலைமுகாமிலிருந்து ரேடியோவில் டெல்மர்: "அடப்பாவிகளா, ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டீங்களேடா!"

திரும்பிப் போய் அவனை ஏற்றி, நடந்ததைச் சொன்னோம். அவன் இருக்கைக்கு அடியில், பிரிக்காமல் வைத்திருந்த டப்பாவைத் தேடித் துழாவினான். காலி டப்பாதான் கையில் வந்தது.

"அது கிடக்கட்டும். என் பீச் பழத்தை எவன்டா தின்னது?"