இருட்டு மட்டும் வேண்டாம்

“அண்ணே, ஏழாம் நம்பர் டீமுக்கு மட்டும் இருட்டு வேணாம்ணே. ஓரமா ஒரு நீல லைட்டாவது எரியட்டும்.”

கயல் விடவில்லை. மயிலாப்பூர் சபாவில், மேடையின் பக்கவாட்டில் லைட் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கனகராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா நீ? ஒரு சீன் முடிஞ்சா லைட்ட அணைக்கணும். இருட்டுல கட்டிலு, மேஜை எல்லாம் மாத்திக்கணும். மறுபடி லைட்டு. இதான உங்க மிஸ் சொன்ன ரூலு? காலைலேர்ந்து எல்லா ஸ்கூலும் அப்டித்தான் போய்க்கினு கீது. இவங்களுக்கு மட்டும் இன்னா, பேய் பயமா?”

“பயம்லாம் இல்லண்ணே.”

“அப்ப பெரிய எடத்துப் பசங்க. வீட்ல ஜெனரேட்டர் கீது, இருட்டே பாத்ததில்ல. கரெக்டா?”

காரணம் கயலுக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது.

போன வருடம் இதே பள்ளி நாடக விழாவில் இரண்டு சண்டைகள். பள்ளியின் பெயரைப் பார்த்து நடுவர்கள் மார்க் போட்டார்கள் என்று ஒன்று. மைக் சரியில்லை, வசனமே கேட்கவில்லை என்று இன்னொன்று. அதனால் இந்த வருடம் வசனமில்லாத நாடகங்கள் மட்டும். பள்ளியின் பெயருக்குப் பதிலாக நம்பர். எந்த நம்பர் எந்தப் பள்ளி என்பது முடிவு அறிவிக்கும்வரை ரகசியம். கூட வந்த ஆசிரியர்கள்கூட மேடைக்குப் பின்னால் வரக் கூடாது. பின்வாசலில் அணிகளை வரவேற்று அழைத்து வருகிற கயலுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள், அவ்வளவாக வாயே திறக்காத பெண் என்றுதான் அந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவளுடைய வகுப்புத் தோழி ஸஹானா மூச்சிரைக்க வந்தாள்.

“கயல், உன் ஏழாம் நம்பருக்கு எவ்ளோ திமிருடி! வேலை மெனக்கெட்டுப் போய் ‘ஆல் த பெஸ்ட்’ சொல்றேன், ஒருத்தன் திரும்பிக்கூடப் பாக்கலை. நான் என்ன தூணா?”

“டென்ஷனா இருப்பாங்க, விடு.”

விழாவின் பொறுப்பாளர் ஜலஜா டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். கயல் அவரிடமும் கேட்டுப் பார்த்தாள்.

“இருட்டில்லேன்னா மார்க் குறைப்பாடி. அவாளுக்குத் தெரியுமோல்லியோ?”

“தெரியும் மிஸ். குறைச்சாலும் பரவாயில்லையாம். மிச்ச மார்க்குலயே கப்பு வாங்கிடணும்னு வெறியா இருக்காங்க.”

“அப்படி என்ன இருட்டுமேல கோபம்? காரணத்தைச் சொல்லு.”

“சொன்னா எந்த ஸ்கூல்னு தெரிஞ்சிடும் மிஸ்.”

டீச்சர் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்.

“அப்போ சொல்லாதே! எனக்கே தெரியப்படாது. விதின்னா எல்லாருக்கும் விதி.”

அவர் அரங்கத்துக்குள் போனதும் கனகராஜ் கயலின் முகத்தைப் பார்த்தார்.

“அழுவாதம்மா. ஓரத்துல ஒரு நீலம் வுடறேன். மிஸ் கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

ஏழாம் நம்பர் அணிக்குத் திரை விலகியது. வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஏறுகிறது. கட்டில்மேல் டிவி, டிவிமேல் புத்தகப் பை, அதன்மேல் நாய்க்குட்டி. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் முன்வரிசையில் சிலர் தங்களை அறியாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் காட்சி முடிந்தது. நீல வெளிச்சத்தில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சாமான்களை மாற்றினார்கள். எதுவும் இடிக்கவில்லை, எதுவும் விழவில்லை. ஆனால் அரங்கத்தில் சலசலப்பு. நடுவர் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டாவது காட்சி முடிந்து நீல விளக்கு எரியும்போது ஜலஜா டீச்சர் ஓடி வந்தார்.

“என்ன கூத்து இது? கட்டில் தூக்கறதெல்லாம் அப்பட்டமா தெரியறது! அணையுங்கோ கனகராஜ்!”

கனகராஜ் அணைத்தார்.

வெளியேறும் வாசலின் ‘எக்ஸிட்’ பலகையிலிருந்து வந்த மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் கட்டில் ஒரு நிழலாகத் தெரிந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்திருந்த பையன் பின்பக்கமாகவே நடந்து மேடையின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தான்.

“ஏய், நில்லு! பின்னாடி போகாத!” ஸஹானா கத்தினாள்.

அவன் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தான்.

“அண்ணே, லைட்டு!” என்றாள் கயல். கனகராஜ் தயங்கி டீச்சரைப் பார்த்தார். அதற்குள் கயல் செல்போன் டார்ச்சைப் போட்டு ஸஹானாவின் கையில் திணித்தாள். அவள் அதை மேடைப் பக்கம் திருப்பினாள்.

“அங்க இல்லடி! என் கைமேல அடி!”

வெளிச்சத்தில் கயலின் உள்ளங்கை உயர்ந்தது. கட்டிலின் மறுமுனையில் இருந்த பெண் அதைப் பார்த்து அப்படியே நின்றாள். கட்டில் நின்றது, பையனும் நின்றான். காலையிலிருந்து ஒப்பனை அறையில் அவர்களிடம் கற்றுக்கொண்ட நாலைந்து சைகைகளைக் கயலின் விரல்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லின. யாரும் சொல்லாமலே கனகராஜ் நீல விளக்கைப் போட்டார். மேடையிலிருந்து ஐந்து ஜோடிக் கைகள் படபடவென்று பதில் பேசின.

ஸஹானா டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள். ஜலஜா டீச்சர் மேடைப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

“காது கேக்காத குழந்தைகளா? இருட்டுல அவா எப்படிடி பேசிப்பா? இரு, ஜட்ஜ்கிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.”

கயல் ஓடிப்போய் வழியை மறித்தாள்.

“வேணாம் மிஸ். தெரிஞ்சா பாவம்னு மார்க் போட்டுடுவாங்க.”