இடப்பக்கத்துப் பெயர்

பூசை முடிந்ததும் ட்ராயன், கோயிலில் நான் மெழுகுவர்த்தி விற்கும் மேசைக்கு வந்து நான்கு மெழுகுவர்த்திகள் வாங்கினார். கூடவே நாலாக மடித்த வேண்டுதல் சீட்டு ஒன்றையும் நீட்டினார்.

"சாமிகிட்ட குடுத்துரு ஒட்டிலியா. உன் பொண்ணுக்கு வேண்டிக்காத நாளே இல்ல."

"நல்லாயிருங்கண்ணே" என்றேன்.

என் மகள் இலிங்கா காணாமல் போய் நாற்பத்தொரு நாளாகிறது. பத்தொன்பது வயது. பேருந்துக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுக்கு முன்னால் ஐந்து வருடங்களில் மூன்று பெண்கள் இதே சாலையில் காணாமல் போனார்கள். ஸஃப்தா, டொரினா, லிவியா. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். இறைச்சிக்கடைக்காரன் ஏன் என் கண்ணைப் பார்ப்பதில்லை? பேருந்து ஓட்டுநருக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு? பாதிரியாரைக்கூட விடவில்லை. ஒருநாள் அவர் வீட்டு நிலவறை ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தேன். ஊறுகாய் ஜாடிகள்தான் இருந்தன.

மடித்த சீட்டைப் பிரிப்பது பாவம். எழுதியவருக்கும் பாதிரியாருக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள விஷயம் அது. இங்கே யாரும் பிரிப்பதில்லை. நான் நாற்பத்தொரு நாளாக ஒன்று விடாமல் பிரித்துப் படிக்கிறேன்.

ட்ராயனை மட்டும் நான் சந்தேகப்பட்டதில்லை. தேனீப் பெட்டிக்காரர். அம்மா செத்தபிறகு மேட்டு வீட்டில் தனி ஆள். ப்ரூத் ஆற்றங்கரை நெடுக என்னோடு நாணலை விலக்கித் தேடியவர். இலிங்காவின் படத்தைக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியவர். இந்தக் கோயில் மெழுகுவர்த்திகளே அவர் கொடுக்கும் மெழுகுதான்.

அவர் மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். நான் சீட்டைப் பிரித்தேன்.

எங்கள் சீட்டில் இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். ஞானஸ்நானப் பெயரைத்தான் எழுத வேண்டும். வேறு பெயர் எழுதினால் வேண்டுதல் போய்ச் சேராது. ட்ராயன் அதிலெல்லாம் ரொம்பக் கறார்.

வலப்பக்கம் மூன்று பெயர்கள். ஸஃப்தா. டொரினா. லிவியா.

அவர்களைப் பெற்றவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயர்களை இடப்பக்கம்தான் எழுதுகிறார்கள்.

ட்ராயன் சீட்டின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு பெயர். பரஸ்கிவா.

மறுபடியும் படித்தேன்.

மூன்று வயதில் என் மகள் காய்ச்சலில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்றார்கள். ஊர் வழக்கப்படி அவளை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றேன். பிறகு வாசல் வழியாக வேறு பெயரில் திரும்ப வாங்கிக்கொண்டேன். சாவு பழைய பெயரைச் சொல்லித் தேடி வந்தால், அந்தப் பெயரில் அங்கே யாரும் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து பள்ளியிலும் போலீஸிலும் கம்பத்துப் படங்களிலும் அவள் இலிங்காதான். ஞானஸ்நானத்தில் வைத்த பரஸ்கிவா என்ற பழைய பெயர் தெரிந்தவர்களில் நானும் அவளும்தான் மிச்சம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஞானஸ்நானப் பெயர் என்ன என்று அவர் கேட்டிருப்பார். அவள் சொல்லியிருக்கிறாள். கோயிலில் சீட்டு வாங்குவது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

நிமிர்ந்து பார்த்தேன். மணல் தட்டில் இறந்தவர்கள் பக்கம் மூன்றை நட்டிருந்தார். நான்காவதை உயிரோடு இருப்பவர்கள் பக்கம் நட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கத்தினால் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் இவர் வாயைத் திறக்கமாட்டார். என் பெண் எந்தப் பூட்டுக்குப் பின்னால் தண்ணீர் இல்லாமல் கிடப்பாளோ. இவரே வழி காட்ட வேண்டும், யாராவது பின்னால் போக வேண்டும். சுவரோரம் ஊர்ப் போலீஸ் சார்ஜென்ட் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்.

பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுக்கும் மந்திரித்த ரொட்டிக்காக ட்ராயன் என்னிடம் திரும்பி வந்தார். கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்கும் ஒண்ணு கொண்டுபோங்கண்ணே."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"சரி, குடு. காலையில வெறும் வயித்துல தின்னுக்கறேன்."

இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்தேன். சுற்றிலும் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் காகிதத்தில் மடித்தேன்.

"ஓரத்த எதுக்குப் பிக்கிற? அதுதானே ருசி."

"கருகியிருக்குண்ணே."

வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியதும் சீட்டை எடுத்துக்கொண்டு சார்ஜென்டிடம் போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன்.

ரொட்டி கருகவே இல்லை. இலிங்கா சின்ன வயதிலிருந்தே ஓரம் தின்னமாட்டாள். அவளுக்கு நான்தான் பிய்த்துக் கொடுப்பேன்.