மூன்று சக்கரமும் இல்லாத ஆட்டோ

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தது. செலின் அக்கா கிறிஸ்துமஸ் குடிலைக் கலைத்து, சொரூபங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். பெட்டிக்குள் ஒவ்வொரு சொரூபத்துக்கும் அளவெடுத்த ஒரு பள்ளம் உண்டு. வைக்கோலில் யாரோ விட்டுப்போன பொம்மை ஆட்டோவுக்குத்தான் பள்ளம் இல்லை. அதற்குச் சக்கரமும் இல்லை.

"நீ எங்க செட்டே கிடையாது. உனக்குக் குப்பைக்கூடைதான்," என்றது களிமண் ஒட்டகம்.

"தெரியும்ணே. இத்தனை நாள் கூட இருந்ததே பெரிசு," என்றது ஆட்டோ.

செலின் அக்கா ஆட்டோவைக் கையில் எடுத்தாள். குப்பைக்கூடையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு குழந்தை இயேசுவின் பள்ளத்திலேயே, அவர் பக்கத்தில் செருகி வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கறேன், நல்லா உள்ளே வா," என்றார் குழந்தை இயேசு.

ஒட்டகத்துக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இது ஒரு அடி ஓடாது! நாங்க பாலைவனமே தாண்டி வந்தவங்க!"

குழந்தை சிரித்தார். "நீ மட்டும் என்ன, நடந்தா வந்த?"

ஒட்டகம் குனிந்து பார்த்தது. அதன் நான்கு கால்களும் அடியிலிருந்த களிமண் பீடத்தோடு ஒட்டியிருந்தன.