சொதப்பல் நாயகி

"கட்! கட்! அந்தப் பொண்ணு வாயத் தொறக்குமா, தொறக்காதா?"

டைரக்டர் கத்திய கத்தலில் கண்டக்டரம்மாவே இரண்டடி பின்வாங்கிவிட்டாள். அந்தப் பொண்ணு அவள் பெற்ற மகள்.

மகள் படிக்கிற பள்ளியிலேயே ஷூட்டிங். பள்ளிக்கூடக் கலாட்டாக்களை வைத்து ஒரு காமெடிப் படம். கதாநாயகியின் பக்கத்து சீட்டில் உட்கார நிஜ மாணவி ஒருத்தி வேண்டும் என்று தேடியவர்கள், மகளின் முட்டைக் கண்ணைப் பார்த்து மயங்கிப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வசனம்.

அம்மா ஒரு சத்தம் கொடுத்தால் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்குகிறவன் தானாக உள்ளே வந்துவிடுவான். மகளின் குரலோ பக்கத்து பெஞ்சைத் தாண்டாது. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயரே 'மியூட்'.

"படம் வரட்டும்மா. அப்புறம் எவ என்னை அப்படிக் கூப்பிடறான்னு பாக்கறேன்!" என்று வீட்டில் குதித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

காட்சி இதுதான். காப்பியடித்து மாட்டிக்கொண்ட கதாநாயகி, விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "சார், ஒவ்வொரு எழுத்தும் நானே சொந்தமா எழுதினது!" என்று சத்தியம் செய்வாள். மகள் எட்டிப் பார்த்து, "ஆமா சார், மேல என் பேரைக்கூட சொந்தமா எழுதியிருக்கா!" என்று போட்டு உடைக்க வேண்டும்.

முதல் டேக்கில் மகளுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னொரு தடவ சொதப்பினா வேற பொண்ண உக்கார வைங்க" என்றார் டைரக்டர், அவளுக்கே கேட்கும்படி. ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வகுப்புத் தோழிகளில் ஒருத்தி, அதற்குள் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஆக்‌ஷன்!"

"சார், ஒவ்வொரு எழுத்தும்... ஒவ்வொரு எழுத்தும்..." கதாநாயகி நாக்கைக் கடித்தாள். "அய்யோ, மறந்துட்டேன்!"

"பரவால்ல மேடம். நிதானமா பண்ணுங்க" என்று டைரக்டர் வெண்ணெயாக உருகினார்.

அடுத்த டேக்கில் தும்மல். அதற்கடுத்ததில், வாத்தியாராக நடித்தவரை "டாக்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் டச்சப் பெண் ஓடி வந்து அவள் முகத்தில் பவுடர் ஒற்றிவிட்டுப் போனாள்.

கண்டக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற லைட்மேனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்பா, வயசு முப்பதை நெருங்குது, ரெட்டைச் சடை ஒண்ணுதான் குறைச்சல். ஒரு வரி வரலையே! எம்பொண்ணு ஒரு தடவ தடுமாறினா 'வேற பொண்ணு'. இந்தம்மா இத்தனை தடவ தடுமாறினாலும் 'நிதானமா பண்ணுங்க மேடம்'. நல்லா இருக்குப்பா உங்க நியாயம்!"

"மெதுவாம்மா, அவங்களுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே! எனக்கென்ன பயம்?"

அடுத்த டேக்கில் விடைத்தாள் கதாநாயகியின் கையிலிருந்து நழுவி, வாத்தியாரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அதுவரை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அதோடு நிற்கவில்லை. கதாநாயகியின் தோளைத் தட்டினாள்.

"பயப்படாதீங்கக்கா. சாரோட கண்ணைப் பாக்காதீங்க, நெத்தியப் பாத்து பேசுங்க. சுலபமா வந்துடும்."

"அப்படியா? தேங்க்ஸ்டி!" என்றாள் கதாநாயகி, பவ்யமாக.

"ஆக்‌ஷன்!"

"சார், ஒவ்வொரு எழுத்தும் நானே சொந்தமா எழுதினது!"

மகள் எட்டிப் பார்த்தாள். முட்டைக் கண்ணை உருட்டினாள்.

"ஆமா சார்! மேல என் பேரைக்கூட சொந்தமா எழுதியிருக்கா!"

அட, அப்படியே அம்மாவின் குரல்! வகுப்பறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கேமராமேன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஓகே! பிரமாதம்!" என்று டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். ஜன்னல் பக்கமிருந்து விசில் பறந்தது.

மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "கேட்டுச்சாம்மா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சுடி என் தங்கம்!"

மகளின் சட்டைக்குள் மாட்டியிருந்த குட்டி மைக்கைக் கழற்ற வந்தார் சவுண்டு ரெக்கார்டிஸ்ட். கண்டக்டரம்மா விடவில்லை.

"பாத்தீங்களா தம்பி? அந்தம்மாவுக்கே எம்பொண்ணுதான் நடிக்கச் சொல்லிக்குடுத்தா. பேசாம இவளையே ஹீரோயினா போட்டிருக்கலாம். வேலையாவது சட்டுனு முடிஞ்சிருக்கும்!"

ரெக்கார்டிஸ்ட் சிரித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனை எடுத்து அம்மாவின் காதில் வைத்தார்.

"மேடம் சட்டையிலயும் இதே மாதிரி ஒரு மைக் இருக்கும்மா. கட் சொன்னப்புறம் ஆஃப் பண்ண மறந்துட்டேன், எல்லாம் பதிவாயிடுச்சு. அந்தத் தும்மலுக்கு முன்னாடி டச்சப் அக்காகிட்ட பேசினது இது. கேளுங்க."

கதாநாயகியின் குரல் கிசுகிசுத்தது.

"பாப்பாவுக்கு இன்னும் கை நடுங்குதுக்கா. இந்த டேக்கையும் நானே சொதப்பிடறேன். அவ சொதப்பினா உடனே மாத்திடுவாங்க... என்னை யாரு மாத்தப் போறா?"