நாலாயிரம் வரிக்கும் ஒரே பேர்

"காலங்காத்தால ஏழு மணிக்கு வந்து, புரோகிராம்ல இருக்கிற நாலாயிரம் வரிக்கும் இடைவெளியைச் சரி பண்ணி வச்சிருக்கான் இந்தப் புண்ணியவான்" என்றாள் விவின். "ஊரே தலையைப் பிச்சுக்கிட்டு நிக்குது, இவருக்கு ஓரம் அழகா இருக்கணுமாம்."

ஜஜாங் தான் கொண்டுவந்த படாகோர் என்ற மீன் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து, கடலைச் சாந்தை மேலே ஊற்றி அவள் பக்கம் தள்ளினான்.

"லஞ்சமா?"

"பசிக்குதுன்னு நீதானே புலம்பின?"

யுயுனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டுங்கில் அவர்கள் செய்யும் தடுப்பூசிக் குளிர்பெட்டி ஒன்று, மலையோர மருத்துவமனையில் எழுபது டிகிரி என்று அலறியிருக்கிறது. உள்ளே இருந்ததோ நாலு டிகிரி. நர்சம்மா பதறிப்போய் நல்ல மருந்து அத்தனையையும் கொட்டிவிட்டார்.

தப்பான வரி எது, எழுதியது யார் என்று மதியத்துக்குள் அறிக்கை வேண்டுமாம் இயக்குநர் ருஸ்தண்டிக்கு. பேர் வந்தவர் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்.

குழுவின் தலைவி என்பதால் அறிக்கை எழுதும் வேலை யுயுனுடையது.

வரியைப் பத்து மணிக்கே ஜஜாங் எடுத்துக் காட்டிவிட்டான்.

"பொதுவான சென்சாருக்கு நினைவகத்துல பதினாறு பைட் இடம்க்கா. அதைத் தாயா வச்சு எழுதின வாரிசு நம்ம வெப்ப சென்சார். அதுக்கும் மூணு வருஷமா பதினாறுதான். போன வாரம் பேட்டரி அளவைச் சேர்த்ததும் வாரிசு இருபத்துநாலா வளந்துடுச்சு. பத்து சென்சாரையும் வரிசையா படிச்சுக்கிட்டுப் போற இந்த வரி மட்டும் இன்னும் தாயோட பதினாறு பைட் அளவுலதான் தாண்டுது."

"அதனால?"

"முதல் சென்சாரைச் சரியாப் படிக்கும். ரெண்டாவதைத் தேடித் தாண்டினா, முதல் சென்சாரோட வயித்துக்குள்ளயே போய் விழும். அங்க இருக்கிற பேட்டரி அளவை எடுத்து வெப்பநிலைன்னு சொல்லும். தப்பைப் பிடிக்க வேண்டிய கம்பைலரும் வாயைத் திறக்காது."

"பேட்டரியைச் சேர்த்தது நான்" என்றாள் விவின், சின்னக் குரலில்.

"அதுல தப்பில்ல. வாரிசு வளரத்தான் செய்யும். வளரும்னு நினைக்காம எழுதின இந்த வரிதான் தப்பு."

யுயுன் அந்த வரியின் ஓரத்தைப் பார்த்தாள். கடைசியாகத் தொட்டவர் பேர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தானாக வந்து நிற்கும். ஒரு வெற்றிடத்தைச் சேர்த்தாலும் தொட்டதுதான். மேலிருந்து கீழ்வரை நாலாயிரம் வரியிலும் ஜஜாங், ஜஜாங், ஜஜாங்.

"இது காலையில நீ தொட்டதால வந்த பேர். எழுதினது யாரு?"

"என் பேர்தானே நிக்குது, அப்படியே போடுங்கக்கா."

"நான் கேட்டது அது இல்ல."

"ருஸ்தண்டி ஐயா அதுக்குக் கீழ எல்லாம் தோண்டமாட்டார். ஒரு பேர் கிடைச்சா போதும் அவருக்கு. போட்டு அனுப்புங்க. பொட்டலத்தைக் காலி பண்ணிட்டு நான் கிளம்பறேன்."

விவின் கையிலெடுத்த படாகோர் வாய்க்குப் போகாமல் நின்றது.

யுயுனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவன் ஓரத்தை அழகாக்க வரவில்லை. யாரையோ மறைக்க வந்திருக்கிறான். அவள் பார்வை விவின் பக்கம் திரும்பியது.

"என்னை ஏங்க்கா பார்க்கறீங்க? சத்தியமா நான் இல்ல. நான் வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது."

"அப்போ யாரு? ஜஜாங், இது நட்பு இல்ல, ஏமாத்து வேலை. தப்பு பண்ணினவங்க நிம்மதியா உக்காந்திருக்க, நீ வீட்டுக்குப் போறதா?"

"அக்கா, விட்டுடுங்களேன்."

"மாட்டேன்."

வெற்றிட மாற்றங்களைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் தொட்டவர் பேரைக் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். ஓரத்தில் பேர்கள் ஒவ்வொன்றாக மாறின. அந்த வரிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பேரைப் பார்த்து அவள் கை விசைப்பலகையிலிருந்து விலகிவிட்டது.

யுயுன்.

ஜஜாங் ஜன்னல் வழியே வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. எப்போது எழுதினோம், எதற்கு எழுதினோம் ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. ஆனால் எழுத்து அவளுடையதுதான். இந்த மாதிரித் தாண்டுவதை அவள்தான் வழக்கமாக எழுதுவாள்.

அறிக்கையைத் திறந்து, எழுதியவர் என்ற இடத்தில் தன் பேரைப் போட்டாள். நிதானமாக ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பியும் விட்டாள்.

"அக்கா" என்றாள் விவின்.

"பார்த்துக்கலாம், விடு." யுயுன் ஜஜாங் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் போடப் பார்த்தாள், வரவில்லை. "ஏண்டா, உனக்குப் பைத்தியமா? நான் பண்ணின தப்புக்கு நீ எதுக்கு வேலையை விடணும்?"

ஜஜாங் திரையில் அந்த வரியைக் காட்டினான்.

"அன்னிக்கு அந்த வரியைச் சேர்க்கும்போது நீங்களே ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்கக்கா. அதைத் திறந்து பாருங்க."

திறந்தாள்.

'ஜஜாங்கின் பங்கு இது. மனைவிக்குப் பிரசவ வலி, பாவம், இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிட்டு நானே முடித்துவிட்டேன். அவசரத்தில் எழுதியது, தப்பிருந்தால் என்னைக் கேளுங்கள், அவனைக் கேட்காதீர்கள்.'