கேட்டதில் பாதி

அந்த மருத்துவமனையின் ஒரே சர்வருக்குள்தான் எட்டுத் துறைகளின் வெர்ச்சுவல் மெஷின்களும், அதாவது மென்பொருளால் பிரித்த தனித்தனிக் கம்ப்யூட்டர்களும், ஓடின. இருக்கிற மெமரியை எல்லோருக்கும் பங்கு போடுவதற்குள் சிஸ்டம் இன்ஜினீயருக்கு நாக்குத் தள்ளிவிடும்.

"எல்லாரும் தேவைக்கு ரெண்டு மடங்கு கேக்கிற ஆளுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பாதியைக் குடுத்துடுவேன்," என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

லேபுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற அம்மா பதினாறு ஜி.பி. கேட்டார். இவர் எட்டு கொடுத்தார்.

ஒரே வாரத்தில் மெமரி போதாமல் லேப் மெஷின் படுத்துவிட்டது. ரிப்போர்ட் வராமல் ஓர் ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த அம்மாவுக்கு மெமோ.

"பதினாறு வேணும்னுதானே சார் பதினாறு கேட்டேன்?"

கண் கலங்கிக் கேட்ட அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் லேபிலிருந்து புதுக் கடிதம் வந்தது. இம்முறை முப்பத்திரண்டு.

'பொய் சொல்லத் தெரியாத மனுஷி. வேலை கூடியிருக்கும்' என்று நினைத்தார். மற்ற ஏழு மெஷின்களிலும் கிள்ளியெடுத்து, கேட்டதை முழுசாகக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் அத்தனை கம்ப்யூட்டர் திரைகளும் உறைந்து நின்றன. பதறிப்போய் சர்வரைப் பார்த்தார். லேபுக்குக் கொடுத்ததில் பாதி சும்மா கிடந்தது.

லேபுக்கு ஓடினார். "என்னம்மா இது? உங்களுக்குப் பதினாறே போதுமே!"

"போதும் சார். நீங்க பாதிதான் குடுப்பீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் இந்தத் தடவை நானும் ரெண்டு மடங்கா கேட்டேன்."