பிறந்த வீட்டுக் கோடி

யுவராஜின் காரியம் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. அவனோடு குடும்பமாய் வாழ்ந்த குணசீலனை ரூம்மேட் என்று சொல்லி, நாற்காலி போடச் சொல்லியிருந்தார்கள். துணையை இழந்தவருக்குப் பிறந்த வீட்டார் கோடித்துணி போடும் நேரம்.

“கல்யாணமாகாதவன். கோடி கிடையாது,” என்றார் யுவராஜின் சித்தப்பா.

அப்போது குணசீலனின் அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கினார். மகனோடு பேச்சை முறித்துக்கொண்டவர். தாம்பாளத்தில் மடிப்புக் கலையாத வேட்டி. நேராக வந்து அதை மகனின் தோளில் போட்டார்.

“என்னங்க இது?” என்றார் சித்தப்பா.

“பொறந்த வீட்டுக் கோடி. என் புள்ளைக்கு நாந்தானே போடணும்.”

யுவராஜின் அம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டாள். குணசீலன் கையிலிருந்த நாற்காலியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.